வெள்ளம் வடிந்த பின்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் இலக்கியமும் ஆண்டுதோறும் மணம் பரப்பும் இம்மேடையில் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கல்யாணப் பந்தலில் கடன் கணக்கை விரித்தது போலச் சிலருக்கு இது தோன்றலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் எழுத்தர்களாகப் பணியாற்றும் எங்களுக்கு இலக்கியம் பேசத் தகுதி இல்லை. ஆனால் காகிதங்களைப் பற்றிப் பேசச் சிறிது தகுதி உண்டு. அந்த அளவில் எங்கள் உரையை ஏற்றருள வேண்டுகிறோம்.

இங்கு ‘நாங்கள்’ என்பது 2019ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின், சங்கத்தின் சார்பில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மனு எழுதித் தந்த மூவரைக் குறிக்கும். மூவரும் ஒரே பிரிவில் வேலை பார்ப்பவர்கள். இன்று பேசுபவர் ஒருவரே எனினும், அனுபவம் மூவருக்கும் பொது. குற்றமும் மூவருக்கும் பொது. குற்றம் என்ன என்பதைப் பின்னர் கூறுவோம்.

உல்லாஸ் நதிக் கரையில் வாழும் நமக்கு மழையைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி தொடங்கிய மழையில் சாந்தாகுருஸில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஜூலை 27ஆம் தேதி, பதலாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தின் நடுவே நின்றதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் படகுகளில் மீட்கப்பட்டதும் நாடறிந்த செய்தி. நாடறியாத செய்தி ஒன்றும் உண்டு. அதே இரவில் நம்மவர் பலருடைய தரைத்தள வீடுகளில் இடுப்பளவு நீர் நின்றது. ஆயுள் முழுவதும் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ஓய்வுப் பணத்தையும் வங்கிக் கடனையும் கொண்டு வாங்கிய சிறு வீடுகள் அவை. கடன் கொடுத்த வங்கியின் சொற்படி இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். தாளை மடித்து அலமாரியில் வைத்தார்கள். அதைப் படித்தவர் எவரும் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகுதான் அந்தத் தாளைத் தேடினோம். அதுவும் நனைந்திருந்தது.

ஒரே கட்டடத்தில், எதிரெதிர் வாசல் கொண்ட இரண்டு வீடுகளின் கதையை மட்டும் இங்கே கூறுகிறோம். இரண்டுக்கும் ஒரே கம்பெனியின் பாலிசி. இரண்டிலும் புகுந்தது ஒரே வெள்ளம்.

முதல் வீடு ஓய்வு பெற்ற ஒரு கார்டுடையது. அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் ஏறத்தாழ ரூ. 1,80,000. நான்கு மாதம் அலைக்கழித்த பின், ரூ. 52,000 தருவதாகக் கம்பெனி கூறியது. அதனுடன் ஒரு வவுச்சரும் வந்தது. ‘முழுமையான, இறுதியான தீர்வாக இத்தொகையை ஏற்றுக்கொள்கிறேன்’ என்பது அதன் சாரம். பெரியவர் எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். “கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா, கம்பெனியோடு நம்மால் வழக்காட முடியுமா?” என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் கையெழுத்திட்டார்.

இரண்டாம் வீடு, பணியில் இருந்தபோதே மறைந்த ஒரு ஃபிட்டரின் மனைவியாருடையது. அவர் கேட்டது ரூ. 1,60,000. கம்பெனி தர முன்வந்தது ரூ. 38,000. அவருக்கும் அதே வவுச்சர். அவருக்கும் எங்கள் அதே புத்திமதி. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மகள் ஆங்கில வாசகத்தைப் படித்துப் பொருள் சொல்ல, அம்மையார் எங்களைப் பார்த்து, “தம்பி, இத்துடன் எல்லாம் முடிந்தது என்று எழுதியிருக்கிறதே. எனக்கு முடியவில்லையே. முடியாததை முடிந்தது என்று எப்படி எழுதிக் கொடுப்பது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கையெழுத்திடவில்லை.

அன்பர்களே! அன்றிரவு நாங்கள் வெட்கத்தோடு யோசித்தோம். நாங்கள் நாள்தோறும் செய்யும் வேலை என்ன? ரயிலில் அனுப்பிய சரக்கு சேதமடைந்தால் அதற்கு ஈடு கேட்டு வரும் மனுக்களைப் பிரித்துப் பார்ப்பதே எங்கள் வேலை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். தராதவர் எவ்வளவு பெரிய நஷ்டம் அடைந்தவராயினும் அவர் மனு நிற்பது அரிது. இவ்வாறு மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து எத்தனையோ மனுக்களைப் பார்த்திருக்கிறோம். கண்ணீர் விட்டு எழுதிய பத்துப் பக்கக் கடிதம் கோப்பில் எடுபடாது. தேதியும் ரசீதும் இணைத்த அரைப்பக்கக் கடிதம் எடுபடும். எங்கள் மேசையில் எது உண்மையோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேசையிலும் அதுவே உண்மை. கோப்பில் இல்லாதது உலகிலேயே இல்லை. அலுவலகத்தில் அறிந்த இந்தப் பாடத்தை வீட்டு வாசலில் மறந்தது எங்கள் குற்றம்.

மறுநாளே அம்மையாரின் கோப்பைக் கட்டத் தொடங்கினோம். முதல் கடிதத்தில் இரண்டே கேள்விகள்: ரூ. 38,000 எந்தக் கணக்கில் வந்தது? சர்வேயரின் அறிக்கை நகல் எங்கே? பல நினைவூட்டல்களுக்குப் பின் நகல் வந்தது. அதைப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

சுவர், கதவு, மின்கம்பி ஆகியவற்றுக்கு அம்மையார் கேட்டது ரூ. 70,000. ‘பழைய நீர்க்கசிவு’ என்று ஒரு வரி எழுதி, சர்வேயர் அதை ரூ. 10,000 ஆக்கியிருந்தார். வீட்டுப் பொருள்களுக்குக் கேட்டது ரூ. 90,000. தேய்மானம் கழித்து அதை ரூ. 56,000 ஆக்கினார். பிறகு, வீட்டிலுள்ள பொருள்களின் மொத்த மதிப்பு ரூ. 4,00,000 என்றும், பாலிசி ரூ. 2,00,000க்கு மட்டுமே எடுக்கப்பட்டது என்றும் கூறி, அந்த ரூ. 56,000ஐயும் பாதியாக்கி ரூ. 28,000 என்று முடித்திருந்தார். பத்தும் இருபத்தெட்டும் முப்பத்தெட்டு. கணக்கில் பிழையில்லை, கணக்கின் அடிப்படையில்தான் பிழை.

இவ்வாறு பாதியாக்கும் விதிக்குச் ‘சராசரி விதி’ என்று பெயர். நான்கு லட்சம் பெறுமான பொருளை இரண்டு லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், மீதிப் பாதிக்குத் தாமே பொறுப்பு என்பது அதன் கருத்து. விதி அநியாயமானது அன்று. ஆனால் நான்கு லட்சம் என்ற மதிப்பு எங்கிருந்து வந்தது? முன்னறையை மட்டும் பார்த்துச் சென்றவர் ஒரு ஊகத்தில் எழுதியது அது. அம்மையாரும் மகளும் உட்கார்ந்து, தையல் இயந்திரம் முதல் தண்ணீர்க் குடம் வரை, எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை என்று பட்டியல் எழுதினார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றில் போனதை அவர்கள் அளந்து எழுதினார்கள். மொத்தம் இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. கசிவு என்பதற்கு மறுமொழியாக, வெள்ளம் வடிந்த மறுநாள் மகள் கைப்பேசியில் எடுத்த படங்கள் இருந்தன. சுவரில் சேற்றுக்கோடு ஒரே மட்டத்தில் நான்கு பக்கமும் தெரிந்தது. தலாத்தி வந்து எழுதிய பஞ்சநாமாவும் இருந்தது.

கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட்டோம். மறுத்தார்கள். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆம்பட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்தோம். பெருந்தொற்று குறுக்கிட்டது. 2021ஆம் ஆண்டில்தான் தீர்ப்புக் கிடைத்தது. சுவர் வகையில் ரூ. 65,000, பொருள் வகையில் ரூ. 56,000, ஆக ரூ. 1,21,000. தேய்மானம் கழித்தது சரியே என்று குறைதீர்ப்பாளர் கூறினார், அம்மையாரும் ஏற்றுக்கொண்டார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் கழித்த தொகை திரும்பி வந்தது.

இனி, முதல் வீட்டுப் பெரியவரை நினைத்துப் பார்க்கிறோம். வவுச்சரில் கையெழுத்திட்டது எப்போதும் முடிவாகிவிடாது என்றும், மோசடியாலோ, தகாத நெருக்குதலாலோ, தவறான விவரம் கூறியோ அது பெறப்பட்டது என்று மெய்ப்பித்தால் மிச்சத்தைக் கேட்கலாம் என்றும் சுப்ரீம் கோர்ட்டு 1999ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதை அறிந்து நாங்கள் அவரிடம் ஓடினோம். “எந்த நெருக்குதல் என்று எழுதுவது? கையெழுத்துப் போடச் சொன்னது நீங்கள்தானே, தம்பி” என்று சிரித்துக்கொண்டே கூறினார். அதில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டு அவர் வீட்டை விற்றுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். இவ்வுரையை எழுதத் தூண்டியது அம்மையாரின் வெற்றி அன்று, அப்பெரியவரின் சிரிப்பே.

நிற்க. இக்கதையிலிருந்து நாம் யாவரும் கொள்ள வேண்டிய நடைமுறைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, பாலிசியின் பெயரைப் படியுங்கள். 2021 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் வீடுகளுக்கென்று ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வழங்க வேண்டும் என்று ஒழுங்காற்று ஆணையம் விதித்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு முதலியன அதில் அடங்கும். அம்மையாரை வாட்டிய சராசரி விதி அதில் இல்லை. கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, உச்ச வரம்பு ரூ. 10 லட்சத்துக்கு உட்பட்டு, வீட்டுப் பொருள்களும் தாமாகவே சேரும். ஆனால் வங்கி எடுத்துக் கொடுத்தது இந்தப் பாலிசிதானா என்று நீங்கள்தாம் பார்க்க வேண்டும். காப்பீட்டுத் தொகை என்பது வீட்டை மீளக் கட்டும் செலவு. நிலத்தின் விலையும் அன்று, வங்கிக்குப் பாக்கி நிற்கும் கடனும் அன்று. முழு வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள். பாலிசிதாரருக்குத் தெரிவிக்கப்படாத விலக்கு விதியைக் காட்டிக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது.

இரண்டாவது, நஷ்டம் நேர்ந்த அன்றே அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே செய்தியை மின்னஞ்சலிலும் எழுதுங்கள். துடைப்பத்தைத் தொடுமுன் படம் எடுங்கள். நாற்றமெடுக்கும் மெத்தையைச் சர்வேயர் வரும்வரை வைத்திருக்க இயலாது, உண்மை. படம் எடுத்து, பட்டியலில் எழுதி, அண்டை வீட்டார் இருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாவது, சர்வேயர் வரும்போது வீட்டில் இருங்கள். எல்லா அறைகளையும் காட்டுங்கள். பட்டியலின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கு மரியாதை காட்டுங்கள். ஆனால் அவர் சொல்வதே வேதம் என்று எண்ணாதீர்கள். சர்வேயரின் அறிக்கை முக்கியமானதாயினும் இறுதியானது அன்று என்று 2009ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

நான்காவது, நாள்களை எண்ணுங்கள். 2024 ஜூன் மாதத்தில் ஒழுங்காற்று ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நஷ்டத்தை அறிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாள்களுக்குள் அறிக்கை பெறப்பட வேண்டும். அறிக்கை வந்த 7 நாள்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஒரு காகிதம் குறைகிறது என்ற காரணத்துக்காகவே கோரிக்கையைத் தள்ளவும் கூடாது. இந்த விதியை மேற்கோள் காட்டி எழுதிய கடிதத்துக்கு மதிப்பே தனி.

ஐந்தாவது, மறுப்பையும் குறைப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. கணக்குப் புரியும்வரை ‘இறுதித் தீர்வு’ என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்திடாதீர்கள். பணத்தின் அவசரத்தால் வாங்கத்தான் வேண்டுமென்றால், ஆட்சேபத்துடன் பெறுவதாகவும், மிச்சத்துக்கு உரிமை உண்டு எனவும் முன்கூட்டியே கடிதம் அனுப்பி, அதன் அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, படி ஏறும் முறையை அறிந்துகொள்ளுங்கள். முதல் படி, கம்பெனியின் குறைதீர் அலுவலர். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணைய வாயிலிலும், 155255 என்ற எண்ணிலும் முறையீட்டைப் பதிவு செய்யலாம். ஒரு மாதம் வரை பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தி தரவில்லை என்றாலும் அடுத்த படி குறைதீர்ப்பாளர். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் அவரிடம் செல்ல வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை. 2023 நவம்பர் முதல் ரூ. 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்கு உடன்பாடு இல்லையெனில் நாம் வேறு வழி தேடலாம். மூன்றாம் படி, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். சென்னையிலோ மதுரையிலோ வீடு வைத்துக்கொண்டு இங்கே வாழ்பவர்களுக்கு இது பேருதவி. ஒன்று நினைவிருக்கட்டும்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே மனுவை ஏற்கமாட்டார்.

கம்பெனிகளைப் பற்றி இவ்வளவு கூறிய நாங்கள், நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். வெள்ளத்துக்குப் பின், நனையாத டெலிவிஷனையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. பொய்யான ஒரு பில், உண்மையான ஒன்பது பில்களையும் மூழ்கடிக்கும். மோசடி என்று தெரிந்தால் முழு உரிமையும் போகும் என்பது பாலிசியின் நிபந்தனை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ற முறையிலும் சொல்கிறோம். நூறு பேரில் ஒருவர் பொய் மனுத் தருவதால், மீதித் தொண்ணூற்றொன்பது பேரின் மனுவையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பழக்கம் எழுத்தர்களுக்கு வந்துவிடுகிறது. அப்பழக்கம் தவறு, ஆயினும் அதற்கு உணவளிப்பது நாமாக இருக்க வேண்டாம்.

நஷ்ட ஈடு பிச்சை அன்று, ஒப்பந்தம். ஆண்டுதோறும் பிரீமியம் என்ற விலை கொடுத்து நாம் வாங்கிய பொருள். அதைக் கேட்கும்போது கெஞ்சவும் வேண்டாம், சண்டையிடவும் வேண்டாம். தேதியிட்டு எழுதிக் கேட்டால் போதும். அம்மையார் கெஞ்சவில்லை, சத்தம் போடவுமில்லை. முடியாததை முடிந்தது என்று எழுத மறுத்தார், அவ்வளவே.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாலிசி படிக்கும் நாளாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் தன் பாலிசியையும், வீட்டுப் பொருள் பட்டியலையும், ஒவ்வோர் அறையின் படத்தையும் கொண்டுவரட்டும். நகல் ஒன்று சங்க நூலகத்தின் மேல்தட்டில், நீர் எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் படித்துப் பொருள் சொல்லட்டும். அந்நாளில் மனு எழுதித் தர நாங்கள் மூவரும் காலை ஒன்பது மணிக்கே வந்து அமர்ந்திருப்போம். கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இனி எவருக்கும் சொல்லமாட்டோம்.